எப்படிச் செய்தார்கள் என்றும் கேளுங்கள்!



காலையில் பல் துலக்கும் பற்பசை, அம்மா தோசை சுடும் நான்ஸ்டிக் தவா, அப்பாவின் செல்போன் பேட்டரி, தாத்தா சாப்பிடும் சில மாத்திரைகள்... இவற்றில் எல்லாம் ஒரு தனிமம் ஒளிந்திருக்கிறது. அதுதான் புளோரின்!

இதைத் தனியே பிரிக்க முயன்ற சில விஞ்ஞானிகள் உயிரையே இழந்தனர். கடைசியில் 1886ல் பிரான்சு நாட்டு விஞ்ஞானி ஹென்றி முவாசான் வெற்றி பெற்றார். அவருக்கு 1906ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று தொழிற்சாலைகளில் என்ன செய்கிறார்கள்? புளோர்ஸ்பார் என்ற கனிமத்துடன் கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். ஹைட்ரஜன் புளோரைடு கிடைக்கிறது. அதிலிருந்துதான் பெரும்பாலான புளோரின் பொருட்கள் தயாராகின்றன. ஆனால், அது கொடிய நஞ்சு! 2012ல் தென்கொரியாவின் குமி நகரில் ஒரு தொழிற்சாலையில் அது கசிந்து, 5 பேர் இறந்தனர். சுற்றுப்புறப் பயிர்களும் கருகின.

'நல்ல பொருள் கிடைக்கிறதே, எப்படிச் செய்தால் என்ன?' என்று கேட்பது சரியா? சரியே இல்லை! யாரோ ஒருவர் ஆபத்தில் நின்றுதான் நமக்கு அந்த வசதி வருகிறது.

வேறு வழி உண்டா? உண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியை வெரோனிக் கூவெர்னரின் குழு 2023ல் ஒரு வழியைக் காட்டியது. அந்த யோசனை வந்தது எங்கிருந்து தெரியுமா? நம் பல்லிலும் எலும்பிலும் இருந்து!

பல்லும் எலும்பும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து உருவாகின்றன. இரண்டும் அவ்வளவு நெருங்கிய கூட்டாளிகள்! புளோர்ஸ்பாரில் கால்சியம் புளோரினோடு சேர்ந்திருக்கிறது. அதனுடன் பாஸ்பேட் உப்பைப் போட்டு, உலோகக் குண்டுகள் உருளும் அரவை இயந்திரத்தில் அரைத்தார்கள். கால்சியம் பாஸ்பேட்டுடன் சேர்ந்துகொண்டது. புளோரின் பயன்படுத்தத் தக்க உப்பாகக் கிடைத்தது. அந்தப் பொடியிலிருந்து சுமார் 50 சேர்மங்களைத் தயாரித்தார்கள். நச்சு வாயு தேவைப்படவே இல்லை!

இதோடு எல்லாம் தீர்ந்துவிடாது. ஆய்வகத்தில் வென்ற முறை எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் பரவ வேண்டும். சில புளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் மக்காமல் பல காலம் கிடக்கின்றன. அதற்கும் விடை தேட வேண்டும்.

புதுப் பொருளைக் கண்டுபிடிப்பது பெரிய சாதனைதான். அதை யாருக்கும் தீங்கில்லாமல் செய்யக் கற்பது அதைவிடப் பெரிய சாதனை என்பேன். இனி எந்தப் பொருளைப் பார்த்தாலும், 'இது எதற்கு உதவும்?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'இதை எப்படிச் செய்தார்கள்? தூக்கி எறிந்தபின் எங்கே போகும்?' என்றும் கேளுங்கள்.

நாளைய விஞ்ஞானிகளே, விடை சொல்லப்போவது நீங்கள்தானே!