வெட்டிய கிளையும் வியாபாரப் பொருள்தான்

எமது கல்முனைப் பகுதியில் மின்கம்பிக்கு இடைஞ்சலான கிளைகளை வெட்டினால் அவை என்னவாகின்றன? ஒன்றில் வளவு மூலையில் எரிகின்றன. இல்லையேல் குப்பை லொறியில் ஏறுகின்றன. மறுபக்கம், நமது மணல் நிலத்தில் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலையில் இருப்பதில்லை. அந்த மணலுக்குப் போர்வையாக வேண்டிய பொருளைத்தான் நாம் எரித்துக்கொண்டிருக்கிறோம்.

கிளைகளை இயந்திரத்தில் சிறு துண்டுகளாக்கி மண்ணின் மேல் 2 முதல் 3 அங்குலம் வரை பரப்புவதையே மூடுபடை என்கிறார்கள். ஈரம் நிற்கும், களை குறையும், காலப்போக்கில் உக்கி மண் வளமாகும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டபோது பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. மூடுபடை உரத்துக்கு மாற்றீடு அல்ல. ஆனால் மண்ணைக் காப்பதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

இதை நானும் எனது ஹாட்வெயார் கடையில் மூட்டையாக விற்றுப் பார்த்தேன். முதலில் கிலோக் கணக்கில் கொடுத்தேன். மழைக்குப் பின் வாங்கிய ஒருவர் மறுநாள் வந்து, "நானா, தண்ணியையும் சேர்த்தா நிறுத்துத் தந்தீங்க?" என்று கேட்டார். வெட்கமாகிவிட்டது. ஈர மரத்தூளை நிறுத்து விற்பது தண்ணீருக்குக் காசு வாங்குவதுதான். இப்போது ஒரு கன அடிப் பெட்டியால் அளந்தே கொடுக்கிறேன். 10 அடிக்கு 10 அடிப் பாத்திக்கு 3 அங்குலம் பரப்ப 25 கன அடி போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சொல்ல வேண்டியவை இன்னும் உண்டு. மரத்தடியோடு ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும்; நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். வீட்டுச் சுவரோடு சேர்த்தால் கறையானுக்கு வழி திறந்தது போலாகும். புற்றரையின் மேல் தடிப்பாகக் கொட்டினால் புல் செத்துவிடும். அங்கே மரங்களைச் சுற்றி வட்டமாக மட்டும் போடலாம். பச்சைத் துண்டுகளை மண்ணுக்குள் கொத்திக் கலந்தால், அவை உக்கும் வரை மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும்.

இயந்திரம் தனியொருவருக்குப் பாரம். மூன்று நான்கு வியாபாரிகள் கூட்டாக வாங்கி, வெட்டும் கிளைகளைத் தரும்படி மாநகர சபையிடம் கேட்கலாம். குப்பையும் குறையும், நாலு இளைஞர்களுக்குத் தொழிலும் கிடைக்கும். ஆனால் பாவிக்கும் முறையைச் சொல்லாமல் மூட்டையை மட்டும் விற்றால், செத்த புல்லுக்கும் அழுகிய மரத்துக்கும் நமது கடையின் பெயரைத்தான் சொல்வார்கள். இரண்டாவது மூட்டை விலைபோகாது.