அட்டையில் எழுதிய வாக்கு

மாணாக்கருக்கு நாம் வாயினாற் சொல்வது ஒன்று; அவர்களிடம் உள்ளத்தால் எதிர்பார்ப்பது வேறொன்று. இவ்விரண்டனுள் அவர்கள் பற்றிக்கொள்வது பின்னையதையே. பரிசளிப்பு விழா மேடையிலே வெற்றி தோல்வி பெரிதன்று, நேர்மையே பெரிது என்று முழங்கிய பெரியவர், மைதானத்தின் ஓரத்தில் நின்று நடுவரைத் தூற்றுவாராயின், பிள்ளைகள் மேடைப் பேச்சை மறந்துவிடுவர். மைதானத்து ஏச்சையே நினைவில் வைத்திருப்பர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவர் அறியாததன்று.

இவ்வுண்மையை ஆராய்தற்கு அமெரிக்க நாட்டின் உயர்நிலைப் பாடசாலைகளில் ஆடப்படும் உதைபந்தாட்டம் மிகப் பொருத்தமான களமாகும். அந்நாட்டார் உதைபந்தாட்டம் என்று பெயரிட்டு அழைப்பது நாம் ஆடும் ஆட்டமன்று. நீண்ட முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியினரை மோதி வீழ்த்தியும் ஆடப்படும் அது, றக்பி ஆட்டத்துக்கு உறவு முறையானது. தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்தே அதில் இறங்குவர். ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 இலட்சம் மாணவர் தத்தம் பாடசாலைகளுக்காக இதனை ஆடுகின்றனர். இலையுதிர்காலத்து வெள்ளிக்கிழமை இரவென்றால் சிறு பட்டினங்கள் பலவற்றில் ஊரே மைதானத்துக்குத் திரண்டுவிடும்.

ஊரின் ஆசை

டெக்சாஸ் மாநிலத்தில் இவ்வார்வம் ஒரு தனி உயரத்தை அடைந்துள்ளது. ஒடெசா என்னும் எண்ணெய்க் கிணற்றுப் பட்டினத்திலே, பாடசாலை ஆட்டங்களுக்கென்று ஏறத்தாழ 19,000 பேர் அமரக்கூடிய அரங்கு 1982ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அவ்வூரின் பேர்மியன் உயர்நிலைப் பாடசாலை அணியோடு 1988ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் உடனிருந்து எச். ஜி. பிசிங்கர் எழுதிய ‘பிரைடே நைட் லைட்ஸ்’ என்னும் நூல் 1990இல் வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. பின்னர், அலன் என்னும் நகரம் தன் உயர்நிலைப் பாடசாலைக்கென 6 கோடி டொலர் செலவில் 18,000 பேருக்கான அரங்கொன்றை எழுப்பி 2012இல் திறந்தது. இரண்டாண்டு நிறையுமுன் கொங்கிறீற்றில் வெடிப்புக்கள் காணப்பட்டமையால் 2014இல் அதனை மூட நேர்ந்தது. பழுது பார்த்து 2015இல் மீண்டும் திறந்தனர்.

அரங்கின் வெடிப்பைச் சீமெந்து கொண்டு அடைத்துவிடலாம். ஆனால் ஊரார் தமது நிறைவேறாத ஆசைகளை எல்லாம் பதினேழு வயதுப் பையன் ஒருவனின் தோளில் ஏற்றும்போது, அவன் உள்ளத்தில் உண்டாகும் வெடிப்பை எதனைக் கொண்டு அடைப்பது? பல்கலைக்கழக விளையாட்டுக்களை நிருவகிக்கும் அந்நாட்டுத் தேசிய சங்கத்தின் கணக்கின்படி, உயர்நிலைப் பாடசாலையில் இவ்வாட்டத்தை ஆடுவோர் நூறு பேரில் ஏறத்தாழ ஏழு பேரே பல்கலைக்கழக அணிகளிற் சேருகின்றனர். அவர்களுள்ளும் ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்வோர் மிகச் சிலரே. ஏனையோருக்குப் பாடசாலை மைதானத்திற் கிடைப்பதே முழு ஊதியம். அந்த ஊதியம் கேடயமாக மட்டும் இருந்துவிட்டால், அது கண்ணாடிப் பெட்டியிலேயே தங்கிவிடும். பையனோடு வீட்டுக்கு வராது.

ஓர் அட்சரகணிதப் புள்ளி

ஆட்டத்தின் மயக்கத்திலே கல்வி நலிகின்றது என்று கண்ட டெக்சாஸ் அரசு, 1984ஆம் ஆண்டிற் கல்விச் சீர்திருத்தச் சட்டமொன்றை இயற்றியது. டல்லஸ் நகரத்து வணிகர் றொஸ் பெறோ தலைமை தாங்கிய குழுவின் ஆய்வே அதற்கு அடிப்படை. ஆறு வாரத் தவணையொன்றில் எந்தப் பாடத்திலேனும் 70 புள்ளிக்குக் குறைவாகப் பெற்ற மாணவன் அடுத்த ஆறு வாரங்களுக்கு ஆட்டத்தில் இறங்கலாகாது என அச்சட்டம் விதித்தது. பயிற்றுநர் பலர் சினங்கொண்டனர். வழக்குத் தொடுத்தவர்களும் உண்டு. 1985இல் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்த்தது.

இச்சட்டத்துக்கு எதிராகச் சொல்லப்பட்டது வெறும் முணுமுணுப்பன்று என்பதையும் கூறுதல் வேண்டும். வறிய பையனொருவனைப் பாடசாலையோடு பிணைத்திருக்கும் ஒரே கயிறு ஆட்டமாயின், அக்கயிற்றை அறுத்துவிட்டால் அவன் பாடசாலையையே விட்டுப்போய்விட மாட்டானா என்று கேட்டனர். கேள்வி நியாயமானது. 1995இல் ஆறு வாரத் தடை மூன்று வாரமாகக் குறைக்கப்பட்டது. எனினும், கயிற்றை அறுப்பது வேறு. பையன் அதனைப் பிடித்து மேலே ஏறும்படி செய்வது வேறு. பெரியவர்கள் மூன்றாவது வழியொன்றைத் தேடியபோது என்ன நிகழ்ந்தது என்பதை டல்லஸ் நகரத்துக் காட்டர் உயர்நிலைப் பாடசாலையின் கதை காட்டும்.

1988ஆம் ஆண்டில் அப்பாடசாலை அணி மாநிலத்தின் தலைசிறந்த அணிகளுள் ஒன்று. அதன் முதன்மையான ஆட்டக்காரருள் ஒருவனுக்கு அட்சரகணித ஆசிரியர் இட்ட புள்ளி சித்திக்குப் போதவில்லை. பாடசாலை நிருவாகம் அதனைச் சித்தியென மாற்றியது. முறைப்பாடு எழுந்தது. ஒரு தவணையின் ஒரு பாடப் புள்ளி, விசாரணை மன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் வாரக்கணக்காக வாதிக்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவின் துணையோடு அணி தொடர்ந்து ஆடிற்று. அரையிறுதியில் ஒடெசாவின் பேர்மியன் அணியை வென்று, டிசம்பர் மாதத்தில் மாநிலக் கேடயத்தையும் பெற்றது. புள்ளியை இட்ட ஆசிரியரோ வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டார்.

1989இல் அவ்வணியைச் சேர்ந்த சிலர், ஆயுதந் தாங்கிய கொள்ளைகளில் ஈடுபட்ட குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டு நீண்டகாலச் சிறைத்தண்டனை பெற்றனர். பல்கலைக்கழகங்களின் புலமைப்பரிசில்கள் அவர்களுட் சிலருக்கு உறுதியாகியிருந்த வேளை அது. 1991இல், தகுதியற்ற ஆட்டக்காரனை ஆடவிட்டமைக்காக மாநிலக் கேடயமும் அப்பாடசாலையிடமிருந்து பறிக்கப்பட்டு, இறுதியாட்டத்திலே தோற்ற அணிக்கு வழங்கப்பட்டது.

புள்ளியை மாற்றியதனாலேயே பிள்ளைகள் கொள்ளைக்குப் போயினர் என்று சொல்லுதல் நேர்மையாகாது. அதே அணியில் ஆடிய ஜெசி ஆம்ஸ்டெட் பிற்காலத்திற் புகழ்பெற்ற தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கினார். நேர்வழியில் வாழ்ந்தோர் வேறு பலரும் உளர். ஆயினும் அந்த ஆண்டிலே பெரியவர்கள் அப்பிள்ளைகளுக்குக் கற்பித்த பாடம் யாதென்று எண்ணிப் பாருங்கள். வழக்கறிஞர் வந்தனர், அதிகாரிகள் வந்தனர், சாட்சிகள் வந்தனர். இத்தனை பேர் செலவிட்ட நேரத்தில் ஒரு பகுதியையேனும் அப்பையனுக்கு அட்சரகணிதம் சொல்லிக் கொடுப்பதிற் செலவிட்டிருக்கலாமே என்பதுதான் நமது ஆதங்கம். நீ எங்களுக்கு வேண்டியவனாய் இருக்குமட்டும் விதி உனக்காக வளையும் என்பதையே பிள்ளைகள் கண்ணாரக் கண்டனர்.

நண்பன் கையில் அட்டை

இனிக் கலிபோர்ணியா மாநிலத்துக்குச் செல்வோம். கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள புனித பெனடிக்ற் கல்லூரியின் வாயிலாக நம் நாட்டினருக்கும் அறிமுகமான டிலாசால் சபையினரின் பெயர் தாங்கிய ஆண்கள் பாடசாலையொன்று, கொன்கோட் என்னும் நகரில் 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1979இல் பொப் லடசூர் என்னும் இளைஞர் அதன் உதைபந்தாட்டப் பயிற்றுநராக வந்தார். தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்த பருவமொன்றை அப்பாடசாலை அதுவரை கண்டதில்லை. அவர் அங்கே சமய பாடமும் கற்பித்தார்.

அவர் வளர்த்த அணி 1992 முதல் 2003 வரை பன்னிரண்டு பருவங்களில் ஓர் ஆட்டத்திலேனும் தோற்கவில்லை. தொடர்ச்சியாக 151 வெற்றிகள்! அதற்குமுன் அந்நாட்டுப் பாடசாலைகளின் சாதனை 72 வெற்றிகளே. இத்தகைய அணி எந்நேரமும் வெற்றியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் அங்கே முதலிடம் பெற்றது ஒரு சிறு அட்டை.

வாரந்தோறும் ஒவ்வோர் ஆட்டக்காரனும் அட்டையொன்றிலே தன் வாக்கை எழுதுவான். உடற்பயிற்சியில் இன்னது செய்வேன், மைதானப் பயிற்சியில் இன்னது செய்வேன், வரும் ஆட்டத்தில் இன்னது செய்வேன் என்பன அதில் இருக்கும். அதனை அணியினர் முன்னிலையில் உரக்க வாசித்துத் தன் தோழன் ஒருவனிடம் கொடுப்பான். வாக்கு நிறைவேறியதா என்று அடுத்த வாரம் கேட்பவன் அத்தோழனே. பயிற்றுநர் கேட்டாற் சாக்குச் சொல்லலாம்; பெற்றார் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று தானும் வியர்வை சிந்திய தோழன் கேட்கும்போது சாக்குச் சொல்வது எளிதன்று.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. வாக்கைத் தருபவன் மாணவனே. தன்னால் இயலாததை எழுதினால் வாரக்கடைசியில் வெட்கப்பட நேரும். மிக எளியதை எழுதினால் வாசிக்கும்போதே வெட்கப்பட நேரும். ஆகவே தன் வலிமையைத் தானே அளக்கப் பழகுகின்றான். பிறர் சுமத்திய எதிர்பார்ப்புச் சுமையாகும். தானே எடுத்துக்கொண்டது கடமையாகும்.

கட்டணம் பெறும் அப்பாடசாலை பல ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளக் கூடியது, தம் ஊர்ப் பிள்ளைகளையே நம்பியிருக்கும் பொதுப் பாடசாலைகளோடு அதனை ஒப்பிடுதல் தகாது என்று குறை கூறியோர் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மையில்லாமல் இல்லை. ஆயினும் அட்டை எழுதுவதற்குப் பணமோ பெரிய அரங்கமோ தேவையில்லை. எந்தப் பாடசாலையும் அதனைச் செய்யலாம்.

அந்த அணியின் பெருமையை நாம் அதன் வெற்றிகளைவிட 2004ஆம் ஆண்டிலேயே காண்கின்றோம். முந்திய பருவத்து அணியில் ஆடிய இளைஞன் ஒருவன், புலமைப்பரிசில் பெற்றுப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட இரு நாட்களே இருந்தபோது, ஆகஸ்ட் மாதத்திற் சுட்டுக் கொல்லப்பட்டான். துயரம் ஆறுமுன், செப்டம்பரில், சியாற்றில் நகரில் நடந்த ஆட்டத்திலே 151 வெற்றிகளின் தொடர் முடிவுற்றது. வெற்றியை மட்டுமே பொருளாகக் கொண்ட அணியாயின் அன்றே சிதறியிருக்கும். லடசூர் மேலும் பல பருவங்கள் பயிற்றுநராக நின்று, 399 வெற்றிகளும் 25 தோல்விகளும் 3 சமநிலைகளும் கொண்ட கணக்கோடு 2013இன் தொடக்கத்தில் தலைமைப் பயிற்றுநர் பதவியினின்றும் விலகினார். அந்த 25 தோல்விகளைத் தாங்கக் கற்பித்தமையே நம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

வலியை மறைக்கும் வீரம்

எதிர்பார்ப்பு உயிருக்கே உலையாகும் இடமும் ஒன்றுண்டு. அடிபட்டாலும் சொல்லாதே, சொன்னால் கோழை என்பது இவ்வாட்டத்தின் பழைய எழுதாச் சட்டம். 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் தலை நிலத்தில் மோதிய பின்னரும் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் மயங்கி வீழ்ந்தான். மூளையில் இரத்தம் கசிந்து, சத்திரசிகிச்சை செய்யப்பட்டு, மீண்டும் பேசவும் நடக்கவும் நெடுங்காலம் போராட வேண்டியதாயிற்று. 2009இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. தலையில் அடிபட்டதாக ஐயுறப்படும் பிள்ளையை உடனே வெளியேற்றுதல் வேண்டும். தகுதிபெற்ற மருத்துவத் துறையினர் எழுத்தில் அனுமதி தரும்வரை திரும்பவும் ஆடவிடலாகாது. சில ஆண்டுகளுள் ஏனைய மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை ஏற்றுக்கொண்டன.

சட்டம் வந்துவிட்டது; ஆனால் தலை சுற்றுகிறது என்று சொல்ல வேண்டிய வாய் பிள்ளையுடையது. உண்மையைச் சொன்னால் தன் இடம் பறிபோகும், தந்தை முகம் வாடும் என்று அஞ்சும் பிள்ளை அவ்வாயைத் திறக்க மாட்டான். வீட்டிலே உண்மைக்கு மதிப்பிருந்தாற்றான் மைதானத்திலும் அது வெளிவரும்.

பெற்றாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, வென்றீர்களா என்று நாம் முதலிற் கேட்கின்றோம். அக்கேள்வி பிழையன்று, ஆனால் அதுவே எப்போதும் முதற் கேள்வியாயிருந்தால், நமக்கு வேண்டியது யாதென்பதைப் பிள்ளை விளங்கிக்கொள்வான். செய்வதாகச் சொன்னதைச் செய்தாயா என்பதை ஒரு நாளேனும் முதலிற் கேட்டுப் பாருங்கள். ஆட்டத்துக்கும் இக்கேள்வி பொருந்தும், பரீட்சைக்கும் பொருந்தும்.

மாணாக்கருக்கு ஒரு வார்த்தை. மைதானமோ வகுப்பறையோ, இவ்வாரம் உங்களால் இயன்ற ஒன்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி, உங்கள் முகத்துக்கு அஞ்சாத தோழன் ஒருவனிடம் கொடுத்துவையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அதனை எடுத்து வாசிக்கட்டும்.