தலை இழுக்கத் தெரியாத மகன்

தலை வாருவதை யாழ்ப்பாணத்தில் 'தலை இழுத்தல்' என்று சொல்வோம். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது விநோதமான சொல்லாகத் தோன்றலாம். ஆனால் இடுப்பளவு தலைமயிரை நாளாந்தம் சிக்கெடுத்துப் பின்னிய எங்கள் தாய்மாருக்கு அதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை. தமிழை எழுதிச் சம்பாதித்துக் காலத்தை ஓட்டிய எனக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. அந்தச் செயல் தெரிந்திருக்கவில்லை. அதன் விலையை என் தாயார் கொடுத்தார். அதனைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

2018 ஆம் ஆண்டு, தமது எண்பத்தெட்டாவது வயதில், அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கொழும்பில் உள்ள ஒரு வைத்தியசாலையில் அனுமதித்தோம். பெண்கள் வாட்டு என்பதால் பார்வையாளர் நேரத்துக்கு மாத்திரமே நான் உள்ளே செல்லலாம். மனைவிக்கு அப்போது கடுமையான இழுப்பு. அவரால் வர இயலவில்லை. மதியமும் மாலையும் நானே போனேன். சோறு ஊட்டினேன். பத்திரிகை வாசித்துக் காட்டினேன். வைத்தியரிடம் நூறு கேள்வி கேட்டேன். ஆனால் ஒன்பது நாட்களில் ஒருநாளேனும் அம்மாவின் தலையை நான் தொடவில்லை. அது என்னுடைய வேலை என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பத்தாம் நாள் போனபோது அம்மாவின் தலைமயிர் காதுமட்டத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. சிற்றூழியரான ஒரு பெண்மணி, வெட்டிய மயிரை ஒரு 'ஷொப்பிங் பை'யில் சுற்றிப் பத்திரமாக என் கையில் தந்தார். பின்தலையில் அது சடைபிடித்து, ஒரு குருவிக்கூடு போல இறுகிக் கிடந்தது. சீப்பு இறங்கவில்லை என்றும், பேன் பிடித்துவிடும் என்பதால் வெட்டியதாகவும், அம்மாவிடம் கேட்டபோது அவர் தலையசைத்துச் சம்மதித்ததாகவும் அந்தப் பெண்மணி சிங்களத்தில் விளக்கினார்.

அம்மா என்னிடம் சொன்னது ஒரே வசனம்தான். "தம்பி, என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

இருவரும் பொய் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. தெரியாத மொழியில் யார் எதைக் கேட்டாலும் பணிவாகத் தலையசைப்பது அவருடைய வழக்கம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு கிழவியின் தலையசைப்பு சம்மதமா, சங்கோசமா என்று பிரித்தறியும் அளவுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வாட்டுக்குள் வந்து சேரவில்லை.

அந்தப் பெண்மணியை நான் குறை கூறவில்லை. நாற்பது நோயாளிகளை இரண்டு மூன்று பேர் பார்த்துக்கொள்ளும் இடத்தில், ஒருவருடைய சிக்கை அவிழ்க்க மணிக்கணக்கில் செலவிட அவரால் முடியாது. மயிரைக் குப்பையில் எறியாமல் சுற்றி வைத்துத் தந்தாரே, அந்த மனம் பெரியது. குற்றவாளி யார் என்று கேட்டால், ஒன்பது நாட்கள் பக்கத்தில் உட்கார்ந்து தலையங்கங்களை வாசித்துக் காட்டிய மகன்தான்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது அம்மாவும் நடந்தார். பையில் அவர் எடுத்துக்கொண்ட பொருட்களில் ஒரு மரச்சீப்பும் சிறிய போத்தலில் தேங்காயெண்ணெயும் இருந்தன. சாவகச்சேரிப் பக்கம் யாரோ ஒருவருடைய வளவில், மாமரத்தின் கீழ் இருந்து, மறுநாட் காலை அவர் தலை இழுத்துப் பின்னியதாக என் தங்கை இன்றும் சொல்வாள். வீடு போன மறுநாள் தலை வாருவது ஒப்பனையல்ல. நான் இன்னமும் நானாகத்தான் இருக்கிறேன் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வது. ஷெல்லடியும் இடப்பெயர்வும் எடுக்க முடியாததை, ஒன்பது நாள் அசிரத்தை எடுத்துவிட்டது.

அதன் பின்னர்தான் சிக்கு என்றால் என்ன என்று தேடிப் படித்தேன். பத்திரிகைக்காரனுக்குப் புத்தி எப்போதும் மறுநாட் பதிப்பில்தான் வரும்.

தலைமயிரின் மேற்பரப்பு, வீட்டுக்கூரை ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த நுண்ணிய செதில்களால் ஆனது. செதில்கள் படிந்திருந்தால் ஓர் இழை மற்ற இழைமீது வழுக்கிச் செல்லும். அவை கிளம்பி நின்றால் ஒன்றையொன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும். மயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. எனவே 75 சென்ரிமீற்றர் நீளமான கூந்தலின் நுனி ஆறு வருடத்துக்கும் அதிகமான வயதுடையது. அத்தனை வருட வெயிலையும் சவர்க்காரத்தையும் உராய்வையும் கண்ட நுனி அது. தலைத்தோலில் இயல்பாகச் சுரக்கும் நெய் அவ்வளவு தூரம் இறங்கிச் செல்வதில்லை. முதுமையில் அந்தச் சுரப்பும் குறைகிறது, இழையும் மெலிகிறது. நீளம், வறட்சி, மென்மை ஆகிய மூன்றும் ஒரே தலையில் சேர்ந்தால் சிக்கு விழுவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. படுக்கையில் கிடப்பவருக்குத் தலையணையின் பருத்தித் துணியும் சேர்ந்து தேய்க்கிறது.

தண்ணீருக்கும் இதில் பங்குண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. எங்கள் கிணற்று நீரைக் கொதிக்கவைத்த கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுவதை யாவரும் கண்டிருக்கிறோம். அத்தகைய வன்னீரில் சவர்க்காரம் போட்டுத் தோய்ந்தால் கரையாத ஒரு கசடு மயிரில் படிந்து அதனைச் சொரசொரப்பாக்கும். சீயாக்காயும் வெந்தயமும் எலுமிச்சம்பழமும் அவித்து அரைத்த அரப்பு வைத்து முழுகிய எங்கள் பாட்டிமாருக்கு இரசாயனம் தெரியாது. ஆனால் எலுமிச்சையின் புளிப்பு அந்தக் கசட்டை விலக்கும் என்பதை அவர்களுடைய விரல்கள் அறிந்திருந்தன. இலண்டனில் வசிக்கும் எம்மவர் கேத்தலிலும் இதே வெள்ளைப் படிவைக் காணலாம், அங்கும் வன்னீர்தான். கனடாவிலோ குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீட்டின் வறண்ட காற்று இழைகளில் மின்னேற்றத்தை உண்டாக்கிப் பறக்கவைக்கிறது. கம்பளிக் கழுத்துத்துணி பிடரியில் தேய்த்து முடிச்சுப் போடுகிறது.

தேங்காயெண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. 2003 ஆம் ஆண்டு ரேலே, மொஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் கனிய எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். தோயும்போதும் வாரும்போதும் மயிர் இழக்கும் புரதத்தைத் தேங்காயெண்ணெய் மாத்திரமே குறைத்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதன் முக்கிய கொழுப்பமிலமான லோரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேரானதாகவும் இருப்பதால் இழையின் உள்ளே புக முடிகிறது. அந்த ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் மரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுவது என் தொழில் தர்மம். அதற்காக ஆய்வு பொய்யாகிவிடாது; வாசிப்பவர் அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மெல்லிய மயிருக்கு எண்ணெயை வழிய வழிய வைக்கக்கூடாது. அது தூசியைச் சேர்த்துத் திரிதிரியாக ஒட்டவைக்கும். உள்ளங்கையில் நாலைந்து துளி தேய்த்து நுனிப்பக்கம் தடவினால் போதும்.

இனி, நான் பிந்திக் கற்றுக்கொண்ட முறையைச் சொல்கிறேன். தாய்க்கோ மனைவிக்கோ மகளுக்கோ இதனைச் செய்ய எந்த ஆணுக்கும் பத்து நிமிடம் போதும்.

முதலில் விரல்கள், பிறகு அகன்ற பல்லுள்ள சீப்பு. பேன்சீப்பைத் தொடவே கூடாது. மயிரை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை நடுவில் இறுகப் பற்றிக்கொண்டு, நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேற வேண்டும். பற்றிய கைக்கு மேலே இழுவை செல்லாது; எனவே வலிக்காது. மேலிருந்து கீழே இழுத்தால் எல்லா முடிச்சுகளும் ஓரிடத்தில் திரண்டு இறுகும். என்னைப் போன்ற அவசரக்காரர் செய்யும் முதற் பிழை இதுதான்.

நனைந்த மயிர் எளிதில் நீளும், எளிதில் அறும். ஆகவே தோய்ந்த உடனே சீப்பை எடுக்காமல் அரைவாசி உலரவிட வேண்டும். தோயும்போது மயிரை உச்சியில் குவித்துக் கசக்காமல், தொங்கவிட்டு மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஷாம்பூ போட்டால் பின்னர் கண்டிஷனரும் போடுவது நல்லது. மயிர் எதிர் மின்னேற்றம் உடையது. கண்டிஷனரில் உள்ள நேர் மின்னேற்றப் பொருள் அதில் ஒட்டி இழைகளை வழுக்கவைக்கிறது. இரவில் விரித்துப் போட்டுப் படுக்காமல் தளர்வாகப் பின்னிவிட வேண்டும். படுக்கையில் இருப்பவருக்கு முதுகுப்பக்கம் ஒற்றைப் பின்னல் போட்டால் அது தலைக்கடியில் நசிந்து சடைபிடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல இரு பக்கமும் இரட்டைப் பின்னலிட்டு முன்னால் விடுவதே உத்தமம். தலையணைக்குப் பழைய பட்டுச்சேலைத் துண்டொன்றை உறையாகத் தைத்துப் போடலாம். இறப்பர் வளையம் வேண்டாம். துணி றிபன் போதும்.

சடைபிடித்துவிட்டாலும் உடனே கத்தரிக்கோலைத் தேட வேண்டியதில்லை. எண்ணெயோ கண்டிஷனரோ தாராளமாக வைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ஓரத்திலிருந்து இழை இழையாக விரலால் பிரித்துவந்தால் பெரும்பாலும் அவிழும். ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாள் தொடரலாம்.

இவ்வளவையும் செய்ய நேரம் எங்கே, வயதானவர்களுக்கு மயிரைக் கட்டையாக வெட்டிவிடுவதுதானே சுகம் என்று கேட்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. சில தாய்மாரே அப்படி விரும்புவார்கள். விரும்பினால் தாராளமாக வெட்டலாம். தலையில் காயமோ அறுவைச் சிகிச்சையோ என்றால் வெட்டத்தான் வேண்டும். நான் வாதிடுவது நீளமான கூந்தலுக்காக அல்ல. கேட்பதற்காக. அவருக்கு விளங்கும் மொழியில், அவர் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்ல இடம்கொடுத்துக் கேட்பதற்காக.

இது கொழும்புக்கு மாத்திரம் உரிய பிரச்சினையன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் முதியோர் இல்லங்களில் எங்கள் தாய்மார் இருக்கிறார்கள். மறதி நோய் வந்தால் பின்னாளில் கற்ற ஆங்கிலம் முன்னதாகக் கழன்றுபோய், சிறுவயதுத் தமிழ் எஞ்சுவதுண்டு. அவர்களும் என் அம்மாவைப் போலத் தலையசைப்பார்கள். பிள்ளைகள் அங்குள்ள பராமரிப்பாளரிடம் மருந்துகளின் பட்டியலையும் சைவ உணவு விபரத்தையும் கொடுக்கும்போது, "என் தாயாரின் தலைமயிரை எங்களைக் கேளாமல் வெட்டவேண்டாம், இப்படி வாரிப் பின்னுங்கள்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுக்கலாம். போகிற நாட்களில் சீப்பைக் கையில் எடுத்துத் தாமே இழுத்தும் விடலாம். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்களும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டைவிட்டுச் சென்றுள்ள நிலையில், இலங்கையில் இருக்கும் நாமும் எல்லாவற்றையும் வாட்டில் உள்ளவர்கள் தலையில் கட்டிவிட முடியாது.

அம்மா வீடு திரும்பிய பின்னர் ஐந்து மாதங்கள் உயிரோடு இருந்தார். நாள்தோறும் காலையில் நான் அவருக்குத் தலை இழுத்துவிட்டேன். இழுக்க அதிகம் இருக்கவில்லை. முதலில் கூச்சப்பட்டார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். ஒருநாள், "நுனியில இருந்து தொடங்கு, மேல இருந்து இழுக்காத" என்றார். எண்பத்தெட்டு வயதில் மகனுக்கு அவர் கற்றுக்கொடுத்த கடைசிப் பாடம் அது. அவர் கண்மூடும்போது தலைமயிர் ஐந்து சென்ரிமீற்றர் அளவு வளர்ந்திருந்தது.

வெட்டிய மயிர் இன்னமும் என்னுடைய அலுமாரியில், அதே பையில் இருக்கிறது. அதிலுள்ள சடையை இரண்டு தடவை எண்ணெய் வைத்து அவிழ்த்துப் பார்த்தேன். அரைவாசிக்கு மேல் அவிழ்ந்துவிட்டது. அதாவது, வெட்டியிருக்கவே தேவையில்லை.