185 கி.மீ.க்கு 5 மணி நேரமா?

திருச்சிக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலிக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 185 கி.மீ. 2025 மார்ச் இறுதியில் இந்த வழித்தடத்தில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் பறக்கத் தொடங்கியது. கொழும்பில் இறங்கி, தரைவழியே ஏறத்தாழ 400 கி.மீ. வடக்கே போக வேண்டியிருந்தவர்களுக்கு இது பெரும் ஆறுதல். அட்டவணைப்படி பயணம் சுமார் 1 மணி நேரம். மணிக்கு 500 கி.மீ. வேகம் எட்டக்கூடிய ஏடிஆர், 185 கி.மீ.யை அதே வேகத்தில் கடந்தால் 25 நிமிடம்கூட ஆகாது. மீதி நேரம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதிலும், மேலேறுவதிலும், தரையிறங்க வரிசைப்படுவதிலும் கழிகிறது. திருச்சியிலிருந்து சுமார் 290 கி.மீ. தள்ளியிருக்கும் சென்னைக்கும் ஏறக்குறைய அதே 1 மணி நேரம்தான். குறுந்தூர விமானப் பயணத்தில் தொலைவு நேரத்தைத் தீர்மானிப்பதில்லை, தரைதான் தீர்மானிக்கிறது.

பன்னாட்டுப் பயணிகள் 3 மணி நேரம் முன்னதாகவே வரும்படி விமான நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. அதோடு பறக்கும் நேரம், பலாலியில் குடிவரவுச் சோதனை, அங்கிருந்து யாழ் நகருக்குச் செல்லும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் 5 மணி நேரத்தை நெருங்குகிறது. எனவே இந்தச் சேவையை மேம்படுத்த வேகமான விமானம் தேவையில்லை. புறப்பாட்டையும் வருகையையும் ஒட்டி இயங்கும் பேருந்து, ஆவண விவரங்களை முன்கூட்டியே இணையத்தில் சரிபார்க்கும் ஏற்பாடு, கூடுதல் சேவைகள் ஆகியவையே தேவை. நாளுக்கு ஒரே விமானம் என்றால், அதைத் தவறவிட்டவருக்கு இழப்பு ஒரு மணி நேரமல்ல, ஒரு முழு நாள்.

இரு நாடுகளுக்கிடையே பாதுகாப்புச் சோதனையைத் தளர்த்த முடியாது என்பார்கள். தளர்த்தச் சொல்லவில்லை, எழுபது எண்பது பேர் மட்டுமே வரும் விமானத்துக்கு, பெரிய விமானத்துக்கான காத்திருப்பு எதற்கு என்பதே கேள்வி. பயணிகள் பெருகட்டும், வசதிகளைப் பிறகு பார்க்கலாம் என்ற வாதமும் உண்டு. பயணிகள் டிக்கெட் விலையோடு வீட்டு வாசலிலிருந்து ஆகும் மொத்த நேரத்தையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குக் கப்பல் சுமார் 4 மணி நேரத்தில் போகிறது. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் அந்தச் சேவை நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், தரையில் நேரத்தைக் கரைக்கும் விமானம் கப்பலைவிட எந்த வகையில் மேல்?

உறவும் படிப்பும் மருத்துவமும் வணிகமும் இந்த இரு கரைகளையும் பிணைத்திருக்கின்றன. சென்னை–பலாலி சேவை 2019-இல் தொடங்கி, பெருந்தொற்றால் 2020-இல் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டது. அப்படி மீட்டெடுத்த தொடர்பைத் தரையில் தேங்கவிடக் கூடாது. விமான நிலையங்களின் செயல்திறனை வாசலிலிருந்து வாசல் வரையிலான நேரத்தால் அளந்து, அந்தக் கணக்கை இரு அரசுகளும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.