நட்சத்திர வெளிச்சத்தில் ஒளிந்திருக்கும் கோள்கள்: 'ஸ்கேல்ஸ்' கருவி எப்படிப் பிடிக்கும்?

சூரிய மண்டலத்துக்கு வெளியே இதுவரை 6,000-க்கும் மேற்பட்ட கோள்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. ஆனால், நேரடியாகப் படம் பிடிக்கப்பட்டவை நூறுகூட இல்லை. மற்றதெல்லாம் பெரும்பாலும் நட்சத்திரம் லேசாக மங்குவதையோ, தள்ளாடுவதையோ வைத்துப் போட்ட கணக்குதான்.

படம் எடுப்பதில் என்ன சிக்கல்?

எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் பக்கத்தில் மின்மினிப் பூச்சி பறந்தால் தெரியுமா? அதே கதைதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில், வியாழனைவிட சூரியன் சுமார் 100 கோடி மடங்கு பிரகாசமானது. ஆனால், இளம் வயதுப் பெருங்கோள்களுக்கு இன்னும் பிறந்த சூடு ஆறியிருக்காது. அந்தச் சூடு அகச்சிவப்புக் கதிராக வெளிவருவதால், அங்கே இந்த வித்தியாசம் வெகுவாகக் குறைகிறது. ஹெச்.ஆர் 8799 நட்சத்திரத்தின் கோள்கள் 2008-ல் சிக்கியது இப்படித்தான்.

'ஸ்கேல்ஸ்' என்ன செய்யும்?

ஹவாயில் உள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கிக்காக உருவாக்கப்படும் நிறமாலைமானி இது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம் தலைமை தாங்க, பெங்களூருவின் இந்திய வானியற்பியல் நிறுவனமும் பங்கெடுத்துள்ளது.

காற்று மண்டலக் கலக்கத்தை, நெளியும் கண்ணாடி சரிசெய்யும். நட்சத்திர ஒளியை கொரோனாகிராஃப் மறைக்கும். மிச்சப் படத்தைக் குட்டி லென்ஸ்கள் துண்டு துண்டாக்க, ஒவ்வொரு துண்டும் 2 முதல் 5 மைக்ரான் வரையிலான அலைநீளங்களாகப் பிரியும்.

இதில் இரட்டை லாபம். கசியும் நட்சத்திர ஒளி, கோள் போலவே புள்ளியாகத் தெரிந்து ஏமாற்றும். ஆனால், அலைநீளம் மாறினால் அந்தப் புள்ளி நகரும். நிஜக் கோள் நகராது. அடுத்து, மீத்தேன், நீராவி போன்றவை அந்த ஒளியில் தங்கள் 'கைரேகையை' விட்டுச் செல்லும்.

கட்டுவது ஏன் கஷ்டம்?

சாதாரண வெப்பநிலையில் கருவியே அகச்சிவப்பில் ஒளிரும். அதனால் மொத்தத்தையும் வெற்றிடக் கலனுக்குள் வைத்து, கடுங்குளிரில் இயக்க வேண்டும்.

ஜேம்ஸ் வெப் இருக்கே, இது எதுக்கு?

வெப்பின் கண்ணாடி 6.5 மீட்டர்தான். கண்ணாடி பெரிதானால், நட்சத்திரத்துக்கு இன்னும் நெருக்கமான கோளையும் பிரித்துப் பார்க்கலாம். அதேசமயம், தரையில் வானமும் தொலைநோக்கியும் சேர்ந்து ஒளிர்வதால், மிக மங்கலானவற்றைப் பார்ப்பதில் வெப்தான் கில்லி.

அப்போ, இன்னொரு பூமி கிடைக்குமா?

இப்போதைக்கு இல்லை. இதன் இலக்கு பெரும்பாலும் வியாழன் போன்ற ராட்சதக் கோள்கள்தான். ஆனால், சிலியில் எழும்பி வரும் 39 மீட்டர் தொலைநோக்கி சிறிய கோள்களைத் தேடும்போது, இந்த வித்தைகள் கைவந்திருக்க வேண்டும். அதற்கான பயிற்சிக்களம்தான் ஸ்கேல்ஸ்.