பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

பக்கிங்காம் கால்வாய்க்கு ஒரு மரபுக் காப்புச் சங்கம் அமைக்க நாங்கள் கூடியதைக் கண்டித்து நண்பர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ‘வெள்ளைக்காரன் வெட்டிய சாக்கடைக்கு என்ன பாரம்பரியம்?’ என்பதுதான் அதன் சாரம். அந்த ஒரு வரிக்குள் இரண்டு பொய்கள் இருக்கின்றன.

வெள்ளைக்காரன் வெட்டவில்லை. 1806இல் எண்ணூரை நோக்கித் தொடங்கிய முதல் பகுதிக்குக் காக்ரேன் என்ற வெள்ளைக்காரரின் பெயர் வைத்தார்கள். மண் சுமந்தவர்கள் நம் ஜனங்கள். நண்பர் தினமும் பாலத்தில் கடந்து போகிற சென்னை நகரத்துப் பகுதி, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர், தாது வருஷப் பஞ்சத்தில் 1877-78இல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் கஞ்சிக்கு வழியில்லாமல் பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த கூலிகள். அந்தப் பஞ்சத்தில்தான் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, ஓர் ஆணின் நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு அரைக் கிலோகூட வராது. கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. பசியோடு மண் வெட்டியவர்களின் பெயர் எதற்கும் வரவில்லை. அவர்கள் உழைப்பை ‘வெள்ளைக்காரன் வெட்டியது’ என்று எழுதுவது, அந்தப் பிரபுவுக்கு மறுபடியும் பட்டயம் எழுதித் தருவதாகும்.

சாக்கடை என்கிறார். பெத்த கஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட நீர்வழி இது. ஆந்திரக் கரையிலிருந்து நெல்லும் விறகும் உப்பும் இதில்தான் சென்னைக்கு வந்தன. காற்று விழுந்த நேரத்தில் படகோட்டிகள் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்தார்கள். பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ பாடியது இந்தத் தண்ணீரில் படகேறிப் போன அனுபவத்தைத்தான். 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. அதைச் சீராக்காமல் விட்டவர்கள் மனிதர்கள். கழிவு நீரைத் திறந்துவிட்டவர்களும், பறக்கும் ரயிலுக்காகக் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டவர்களும் மனிதர்களே. ஒருவர் வீட்டுக்குள் குப்பையைக் கொட்டிவிட்டு, இது வீடே அல்ல, குப்பைமேடு என்று சாதிப்பதைப் போன்றது நண்பரின் வாதம்.

‘அரசுத் துறை இருக்கும்போது சங்கம் எதற்கு?’ என்றும் கேட்கிறார். துறை இருந்தபோதுதான் அந்தத் தூண்கள் எழுந்தன. 2008இல் இதைத் தேசிய நீர்வழி 4இல் சேர்த்து அறிவித்தார்கள். நகருக்குள் இன்றுவரை சரக்குப் படகு ஓடவில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் அறிவிப்பு காகிதமாகவே கிடக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட, பழைய மதகுகளையும் படகுத்துறைகளையும் அளந்து பதிவு செய்ய, படகுக் குடும்பங்களின் முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதி வைக்க, ஓர் அமைப்பு வேண்டும்.

அவர் சொன்னதில் ஒன்றே ஒன்று கனமானது: மரபு என்று கிளம்பினால் கரையோரக் குடிசைகள்தான் முதலில் போகும் என்பது. அந்த அச்சம் நியாயமானது, ஆனால் அதைச் சங்கத்தின் தலையில் கட்டுவது அநியாயம். சென்னையின் நீர்நிலைக் கரைகளில் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது எந்த மரபுச் சங்கம் கேட்டது? போன இடமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. அந்தச் சதுப்பின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக இதே கால்வாயில் விழுந்துதான் கோவளம் முகத்துவாரத்துக்குப் போயாக வேண்டும். கால்வாய் குறுகக் குறுக, அங்கே குடியமர்த்தப்பட்டவர்களின் வாசலில்தான் தண்ணீர் நிற்கும். ஏழைகளுக்காகப் பேசுகிறவர் கால்வாயைக் காக்கச் சொல்லித்தான் எழுதியிருக்க வேண்டும். மூடிச் சாலை போடச் சொல்லி எழுதியிருக்கிறார்.

1975ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப் போகிறோம். கரையில் வசிப்பவர்களுக்கு நிர்வாகக் குழுவில் பாதி இடம். அவர்கள் சம்மதமில்லாமல் கரையில் எந்தத் திட்டத்துக்கும் சங்கம் ஆதரவு தராது. இரண்டையும் விதிகளிலேயே எழுதியிருக்கிறோம். நண்பர் முதலில் அதைப் படித்துவிட்டு எதிர்க்கட்டும்.