நாடி பிடிக்காத வைத்தியர்கள்

கல்மண்டபம் டீக்கடையில் போன வாரம் ஒரு வாக்குவாதம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற நண்பர், மருமகள் வாட்ஸ்அப்பில் டாக்டரிடம் மருந்து கேட்டதைச் சொல்லிப் பொரிந்து தள்ளினார். “எல்லாம் கொரோனா கொண்டாந்த கேடுப்பா. அந்தக் காலத்துல கையப் புடிச்சி நாடி பாக்காம எவனாவது மருந்து குடுப்பானா? குடுத்தா அவன் டுபாக்கூரு.” பெஞ்சில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். படித்தவர்கள் இதையே கொஞ்சம் நாசூக்காகச் சொல்லுவார்கள். ஆக மூன்று குற்றச்சாட்டு: இது புதுசு, நாடி பார்க்காதது வைத்தியம் ஆகாது, தபாலில் பார்த்தவன் போலி. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. மற்ற இரண்டும் நிற்காது.

புதுசு என்பதை முதலில் முடித்துவிடலாம். எடின்பரோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் கல்லன் (1710–1790) தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் கடிதத்திலேயே வைத்தியம் சொன்னவர். அவர்களில் பலரை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. போன பதிலுக்கெல்லாம் நகல் வைத்துக்கொள்வார். முதலில் ஆள் வைத்துக் கையால் எழுத வைத்தார். 1781 முதல், நீராவி எந்திரத்துக்குப் பேர்போன ஜேம்ஸ் வாட் செய்த நகலெடுக்கும் கருவியை வாங்கிப் பயன்படுத்தினார். மை காயாத கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் எழுத்து அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காகிதங்கள் இன்றும் எடின்பரோ மருத்துவர் கல்லூரியில் இருக்கின்றன. ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமன் 1821இல் கோத்தன் என்ற சின்ன ஊருக்குப் போய் உட்கார்ந்தார். வெளியூர் நோயாளிகள் பலர் கடிதமாகத்தான் அவரிடம் வந்தார்கள்.

நம் பக்கம் வருவோம். சென்னையில் பொதுத் தபால் நிலையம் 1786இல் திறந்தது. 1854இல் தூரத்தைக் கணக்கில் கொள்ளாத அரையணாத் தபால் வந்தது. 1877இல் வி.பி.பி., 1879இல் காலணாவுக்குக் கார்டு. இந்த வரிசையைப் பார்த்தாலே நாட்டு வைத்தியர்கள் எப்படி மாவட்டம் தாண்டினார்கள் என்று புரியும். பணம் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும் என்ற வி.பி.பி. ஏற்பாடு இல்லாவிட்டால், முன்பின் தெரியாதவனுக்கு எந்த வைத்தியர் லேகியம் அனுப்புவார்? தஞ்சை ஆபிரகாம் பண்டிதரை நாம் இசைக்காக நினைக்கிறோம். மனிதர் தொழிலால் வைத்தியர். மருந்து விற்றுச் சேர்த்த காசுதான் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ ஆனது. 1902இல் பி.எஸ். வாரியர் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலையில் கடித வழி ஆலோசனை ஒரு தனி வேலையாகவே நடந்தது. காந்தியைச் சொல்லவே வேண்டாம். ஊர் உலகத்துக்கெல்லாம் அவர் எழுதிய கடிதங்களில் அரசியலுக்கு நடுவே எனிமாவும் மண்பட்டியும் பத்தியமும் வந்துகொண்டே இருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய நாளில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறை, வீடியோவோடு ஈமெயிலையும் ஃபேக்ஸையும்கூட ஏற்றுக்கொண்டது. பழைய கடிதத்துக்குக் காலம் தாழ்ந்து கிடைத்த சட்ட அங்கீகாரம் என்றே அதை நான் படிக்கிறேன்.

அடுத்தது நாடி. இங்கேதான் நண்பரின் நம்பிக்கை ரொம்பக் கெட்டி. ஆனால் சித்த வைத்தியத்தில் நோய் அறிய வழி நாடி ஒன்றுதானா? எண்வகைத் தேர்வு என்பார்கள்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எட்டையும் விரலில் எண்ணிப் பாருங்கள். தபாலில் போகவே முடியாதவை நாடியும் ஸ்பரிசமும். நாக்கில் மாவு படிந்ததா, கண் மஞ்சளா, மூத்திரம் எந்த நிறம், மலம் இறுகியதா இளகியதா என்பதை வீட்டில் உள்ளவர்கள் பார்த்து எழுதிவிடலாம். மொழி? குரல் போகாது, ஆனால் நோயாளியின் பேச்சு போகும். சில சமயம் நேரில் சொல்ல வாய் வராதது கடிதத்தில் வந்துவிடும்.

நோயாளி வராமல் ஆள் அனுப்பிக் கேட்பதும் நம் மரபுக்குத் தெரிந்ததுதான். சேதி கொண்டு வருபவனின் நடை, உடை, பேச்சு, வந்த வேளை இவற்றை வைத்தே நோய் தீருமா தீராதா என்று பார்ப்பதற்கு தூத லட்சணம் என்று பெயர். சுசுருத சம்ஹிதை இதற்கு ஓர் அத்தியாயத்தில் இடம் கொடுத்திருக்கிறது. விஷ வைத்தியர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சகுனக் கணக்கை நான் நம்பவில்லை. ஆனால் வைத்தியர் வாசலில் நோயாளிக்குப் பதில் இன்னொருவர் வந்து நிற்பது சாஸ்திரம் எழுதும் அளவுக்குச் சகஜமாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஐரோப்பாவிலும் கல்லன் காலத்தில் டாக்டர்கள் உடம்பைத் தொட்டு அதிகம் பார்த்ததில்லை. டாக்டர் லெனக்கின் ஸ்டெதஸ்கோப் 1816இல்தான் வந்தது. அதற்கு முன் நோயாளி சொல்லும் கதைதான் முக்கால்வாசி வைத்தியம். கதையைத் தாளில் அனுப்புவதால் என்ன குறைந்துவிடும்? கல்லனுக்கு வந்த கடிதங்களில் பல, நோயாளியின் ஊரில் இருந்த சாதாரண டாக்டர் எழுதியவை. தொட்டுப் பார்க்க அங்கே ஒரு கை இருந்தது. யோசனைதான் வெளியூரிலிருந்து வந்தது. ஸ்விட்சர்லாந்தின் லொசான் நகரில் இருந்த டாக்டர் டிசோ இன்னும் ஒரு படி மேலே போனார். 1761இல் சாதாரண ஜனங்களுக்காக அவர் போட்ட புத்தகத்தில், டாக்டரைக் கேட்கப் போகிறவர் எந்தெந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்று பட்டியலே கொடுத்தார். வயது, எத்தனை நாளாக, தூக்கம், பசி, ஏற்கெனவே என்ன சாப்பிட்டார். இன்றைக்கு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் இத்தனை கேள்விக்கு நேரம் எங்கே இருக்கிறது?

எழுதப் படிக்கத் தெரியாதவன் என்ன செய்தான் என்று ஒருவர் குறுக்கே கேட்டார். நியாயமான கேள்வி. தபாலாபீஸ் வாசலில் காசுக்கு எழுதிக்கொடுப்பவர்கள் இருந்தார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு: வெள்ளைப்படுதலையோ மேகத்தையோ நடுத்தெருவில் எவனிடம் சொல்லி எழுத வைப்பது? கார்டு வேறு திறந்த மடல், தபால்காரர் படித்துவிடுவார். அந்த மாதிரி நோய்க்குக் கவர் வேண்டும், கவருக்குக் காசு கூட. ஏழையின் கடிதத்தில் பாதி நோய் விட்டுப்போயிருக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

இனி டுபாக்கூர். இருந்தார்கள், நிறையவே இருந்தார்கள். ஆண்மைக் குறைவுக்கும் நீரிழிவுக்கும் குஷ்டத்துக்கும் ஒரே பாட்டில் என்று விளம்பரம் போட்டு வி.பி.பி.யில் தள்ளியவர்கள் பெருகியதால்தான் 1954இல் மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். அவர்கள் கடிதமே கேட்கவில்லை. பேரும் விலாசமும் போதும், நோயைப் பற்றி ஒரு வரி வேண்டாம். கேட்டு எழுதிய வைத்தியனையும் கேட்காமல் விற்றவனையும் தபால் என்ற ஒரே மூட்டையில் கட்டுவது சரியில்லை. கேட்காமல் எழுதிக்கொடுப்பவர் நேரிலும் உண்டே.

அவசரத்துக்குக் கடிதம் ஆகாது, அதில் சண்டையே இல்லை. மாரடைப்புக்கு யாரும் கார்டு போட்டதில்லை. ஆனால் தூரத்து யோசனை அவசரத்துக்கே ஆகாது என்று துறைமுகத்துக்காரர் சொல்லக் கூடாது. நடுக்கடலில் கப்பலில் ஒருவன் விழுந்தால் வானொலியில் டாக்டரைக் கேட்கும் ஏற்பாட்டுக்காக ரோமில் 1935இல் ஒரு நிலையமே வைத்தார்கள். அதன் முதல் தலைவர் மார்க்கோனி. அது இன்னும் நடக்கிறது. காசிமேட்டுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் மாலுமிகளுக்கு இது தெரிந்த விஷயம்.

நண்பரிடம் கடைசியாக ஒரு கார்டைக் காட்டினேன். எங்கள் தாத்தா துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவர். இருமலும் மூச்சிரைப்பும் வந்து, வெளியூர் வைத்தியசாலை ஒன்றுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். பதில் கார்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஓரத்தில் எண்ணெய்க் கறை. அதில் மருந்துப் பேர் எதுவும் இல்லை. “இருமல் படுத்தால் வருகிறதா, உட்கார்ந்தால் அடங்குகிறதா, காலில் வீக்கம் உண்டா, தெரிவிக்கவும்” என்று மட்டும் இருக்கிறது. கீழே பென்சிலில் தாத்தா பதிலுக்கு எழுதிப் பார்த்த வரி: “குந்திகினாதான் மூச்சி வருது. காலு சாயங்காலம் உப்புது.”

நண்பர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன மாதம் இதே மூச்சிரைப்புக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். அங்கே டாக்டர் முதலில் என்ன கேட்டார் என்றேன்.

“ராத்திரி எத்தினி தலகாணி வெச்சிப் படுக்கறீங்கன்னாரு.”

“நாடி?”

“அது அப்பறமா பாத்தாரு.”